சொந்தக் காருக்கு எஃப்.சி. உண்டா?



‘வண்டி எஃப்.சி.க்குப் போயிருக்கு’ என்று டிரைவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எஃப்.சி. என்றால் தகுதிச் சான்று. வாடகைக் கார், லாரிக்கெல்லாம் 8 வருடம் வரை 2 வருடத்துக்கு ஒருமுறை; அப்புறம் வருடா வருடம். அப்படின்னா நம்ம வீட்டுக் காருக்கு? இந்தச் சந்தேகம் வந்ததால் தேடிப் படித்தேன்.

1988 மோட்டார் வாகனச் சட்டம் 41-ஆம் பிரிவுப்படி சொந்தக் காரின் ஆர்.சி. 15 வருடம் செல்லும். அதன்பின் ஆர்.டி.ஓ. ஆபீசில் விண்ணப்பித்து, வண்டி சோதனையில் தேறினால் 5 வருடம் புதுப்பிப்பார்கள். பிரிட்டனிலோ 3 வருடம் ஆனாலே வருடா வருடம் சோதனை!

சரி, அந்த 15 வருடமும் யார் பார்ப்பது? நாமதான் பார்க்கணும். நம்ம மாவட்டம் மலை மாவட்டம். போடிமெட்டுப் பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறும். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. பழைய ஆயில் சீக்கிரம் கொதித்து ஆவிக் குமிழ் உண்டாகும். அப்போது பெடல் உள்ளே போகும், வண்டி நிற்காது!

மலை ஏறும் முன் பார்க்க வேண்டியவை:
1. பிரேக் ஆயில் மாற்றி எத்தனை நாளாச்சு?
2. டயர் பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது.
3. ஹேண்ட் பிரேக், ஹெட்லைட், வைப்பர், ஹாரன்.

இறங்கும்போது சின்ன கியரில் இறங்கினால் இன்ஜினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்குக்கு வேலை குறையும்.

இன்றைக்கே வீட்டு ஆர்.சி.யில் தேதியைப் பாருங்கள். அப்பாவிடம் பிரேக் ஆயிலைப் பற்றியும் கேளுங்கள்!