தடுக்கப்பட்ட புத்தகமும் அர்ச். தோமாஸ் அக்குயினாசும்



சென்ற மாதம் ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு தகப்பனார் கோயில் வாசலில் எனக்காகக் காத்திருந்தார். கல்லூரியில் படிக்கும் அவர் மகன் ஏதோ ஒரு புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு வேளையில் ஆத்துமத்தைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வியாய்க் கேட்கிறானாம். "சாமி, அதைத் தொடக்கூடாதென்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்" என்றார். ஒரு வார்த்தையில் முடியும் காரியமாக அது எனக்குத் தோன்றவில்லை. ஏனெனில், இதே விஷயத்தைப் பற்றிய ஒரு புத்தகத்தைத் தடுத்துப் பார்த்த அனுபவம் திருச்சபைக்கே உண்டு. அந்தச் சரித்திரத்தை இந்த வாரம் நீங்களும் கேளுங்கள்.

மத்திய காலத்து ஐரோப்பாவில் அரிஸ்டாட்டிலின் பெயரைப் படித்தவர் எல்லாரும் அறிவர். ஆனால் தர்க்கத்தைப் பற்றி அவர் எழுதிய சில நூல்கள் மட்டுமே அவர்கள் கையில் இருந்தன. மற்றப்படி வேதாகமமும், அர்ச். அகுஸ்தீனும், அவர் வழியாகப் பிளேட்டோவுமே அவர்களுக்குச் சிந்திக்கக் கற்றுக்கொடுத்தவர்கள். 12-ம் நூற்றாண்டில் ஸ்பெயின் தேசத்துத் தொலேதோ நகரில், 1187-ல் இறந்த கிரெமோனா ஜெரார்டு முதலியோர் அரபு மொழியிலிருந்து அரிஸ்டாட்டிலின் நூல்களை லத்தீனில் பெயர்த்தார்கள். இயற்கை, வானம், பிராணிகள், ஆத்துமம் ஆகியவற்றைப் பற்றிய நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. இப்னு சீனா, இப்னு ருஷ்து என்னும் இஸ்லாமிய அறிஞரின் விளக்கங்களும் பின்தொடர்ந்தன.

வாசித்தவர்கள் திகைத்துப்போனார்கள். வேதத்தை அறியாத ஓர் அஞ்ஞானி, கிறிஸ்து பிறப்பதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே உலகம் முழுவதையும் ஒழுங்காக விளக்கி வைத்திருந்தார்! ஆனால் அந்த விளக்கத்தில் உலகத்துக்குத் தொடக்கமே இல்லை. சர்வேசுரன் ஒவ்வொரு மனிதனையும் பராமரிக்கிறார் என்பதற்கும் இடமில்லை.

ஆகவே 1210-ல் பாரீஸ் நகரில் கூடிய மேற்றிராணிமார், அரிஸ்டாட்டிலின் இயற்கை நூல்களைப் பாடம் சொல்லுகிறவன் சபைக்குப் புறம்பாவான் என்று கட்டளையிட்டார்கள். 1215-ல் பாப்பரசரின் பிரதிநிதி அதை உறுதிப்படுத்தினார். 1231-ல் பாப்பரசர் 9-ம் கிரகோரி, அந்நூல்களைப் பரிசோதித்துப் பிழை நீக்கும்வரை உபயோகிக்கலாகாது என்று சொல்லி, அதற்கென மூன்று பேரை நியமித்தார். அந்த வேலை நடந்தேறவில்லை. 1255-ல் பாரீஸ் சர்வகலாசாலையே அரிஸ்டாட்டிலின் நூல்களைக் கட்டாயப் பாடமாக்கிவிட்டது. பூட்டிய கதவுக்குப் பின்னால் பிள்ளைகள் எப்படியும் வாசித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

தடை போட்டவர்களை நான் பரிகசிக்கமாட்டேன். அவர்களுடைய பயம் வீண் பயமல்ல. மனிதர் எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு புத்திதான் உண்டு என்று இப்னு ருஷ்துவின் விளக்கத்தைப் பின்பற்றிப் பாரீசில் சிலர் போதித்தார்கள். அப்படியானால் இறந்தபின் உனக்கென்றும் எனக்கென்றும் சம்பாவனையோ தண்டனையோ எப்படி இருக்கும்?

இந்தச் சமயத்தில்தான் சாமிநாதர் சபைக் குருவாகிய அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் வருகிறார். 1225-ம் ஆண்டளவில் இத்தாலியாவில் பிறந்து, நேப்பிள்ஸ் நகரில் படித்து, அர்ச். ஆல்பெர்ட் என்பவரிடம் மாணாக்கராயிருந்தவர். அந்தப் புத்தகங்களை அவர் ஒளித்து வைக்கவில்லை. அப்படியே விழுங்கவும் இல்லை. மேர்பேக்கா வில்லியம் என்னும் சபைச் சகோதரர் நேரே கிரேக்கத்திலிருந்து செய்த மொழிபெயர்ப்புகளை வைத்துக்கொண்டு வரிவரியாய் விரிவுரை எழுதினார். 1270-ல், எல்லாருக்கும் ஒரே புத்தி என்றவர்களை எதிர்த்துத் தனி நூலே எழுதினார். அதில் வேதவாக்கியத்தை ஆயுதமாக எடுக்காமல், அரிஸ்டாட்டிலை நீங்கள் சரியாக வாசிக்கவில்லை என்றே அவர்களுக்குக் காட்டினார்.

ஆத்துமத்தைப் பற்றி அவர் சொன்னதைச் சற்று நிதானமாகப் பாருங்கள். ஓடத்தில் ஓடக்காரன் இருப்பதுபோல் உடலில் ஆத்துமம் இருக்கிறது என்பது பிளேட்டோவின் வழியில் வந்த எண்ணம். நம் ஊரிலும் சாவு வீட்டில், உடல் கூடு, உயிர் பறவை என்று சொல்லித் தேற்றுகிறோம். கேட்பதற்குப் பக்தியாகவே இருக்கிறது. ஆனால் அரிஸ்டாட்டில், மெழுகும் அதில் பதிந்த முத்திரையின் உருவமும் எப்படி ஒன்றோ, அப்படியே உடலும் ஆத்துமமும் ஒன்று என்றார். ஆத்துமமே உடலை மனித உடலாக்கும் உருவம். தோமாஸ் இதை ஏற்றுக்கொண்டு, அந்த ஆத்துமம் சாகாதது என்பதையும் நியாயம் காட்டி நிலைநிறுத்தினார். நாமும் காலில் முள் தைத்தால் "எனக்கு வலிக்கிறது" என்கிறோமே தவிர, என் ஓடத்துக்கு வலிக்கிறது என்று சொல்வதில்லை.

இதிலிருந்து வருவதென்ன? ஆத்துமம் மாத்திரம் மோட்சம் சேர்ந்தால் முழு மனிதன் சேர்ந்ததாகாது. அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15-ம் அதிகாரத்துக்குத் தோமாஸ் எழுதிய விளக்கத்தில், என் ஆத்துமம் மட்டும் நான் அல்ல என்று வெளிப்படையாகவே சொல்லுகிறார். சரீர உத்தானத்தை நாம் விசுவாசப் பிரமாணத்தில் அறிக்கையிடுவது ஏன் என்பதற்கு, கூட்டையும் பறவையையும்விட அந்த அஞ்ஞானியின் மெழுகே நல்ல விளக்கமாயிற்று. பறவைக்கு எதற்காகக் கூடு திரும்பவும் வேண்டும்?

ஆனாலும் பலர் கலங்கினார்கள். ஆத்துமம் பிரிந்தபின் உடலுக்கென்று உருவம் ஒன்றுமில்லையானால், கல்லறையில் மூன்று நாள் இருந்த சேசுநாதருடைய திருச்சரீரம் அதே சரீரந்தானா என்று கேட்டார்கள். கடினமான கேள்வி. தேவசுபாவத்தோடு ஒன்றித்திருந்தபடியால் அதே சரீரந்தான் என்று தோமாஸ் பதில் சொல்லியிருந்தார். அது எல்லாரையும் திருப்திப்படுத்தவில்லை.

1274 மார்ச் 7-ல், லியோன் சங்கத்துக்குப் போகும் வழியில் தோமாஸ் இறந்தார். சரியாக மூன்று வருஷம் கழித்து, 1277 மார்ச் 7-ல், பாரீஸ் மேற்றிராணியார் எத்தியேன் தம்பியே 219 கருத்துகளைக் கண்டித்தார். தோமாசின் பெயர் அதில் இல்லை. அவருடைய கருத்துகளில் சில இருந்தன. அதே மாதம் 18-ல் காண்டர்பரி அதிமேற்றிராணியார் கில்வார்ட்பி, ஆக்ஸ்போர்டில் 30 கருத்துகளைத் தடுத்தார். ஆத்துமத்தைப் பற்றி மேலே சொன்ன போதனையும் அந்தத் தடையில் அகப்பட்டது. கில்வார்ட்பியும் சாமிநாதர் சபையைச் சேர்ந்தவரே! சொந்த வீட்டாரே கதவை அடைத்தார்கள் என்பது வாசிக்கும்போது இன்றும் மனதை உறுத்துகிறது.

பின்பு 1311-ல் தொடங்கிய வியேன் சங்கத்தில், ஆத்துமமே மனித உடலின் உருவம் என்பதை மறுப்பது தப்பறை என்று திருச்சபையே அறிவித்தது. 1323-ல் பாப்பரசர் 22-ம் அருளப்பர் தோமாசுக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார். 1325-ல் பாரீசில் மேற்றிராணியாராயிருந்த எத்தியேன் புரே, 1277-ம் வருஷத்துக் கண்டனம் தோமாசின் போதனையைத் தொடுமளவுக்குச் செல்லாது என்று எழுதிக் கொடுத்தார். அதற்குள் 48 வருஷங்கள் போய்விட்டன.

கோயில் வாசலில் இவ்வளவையும் சொல்ல நேரமில்லை. அந்தப் புத்தகத்தை எனக்கு ஒரு வாரம் இரவல் தரும்படி மகனிடம் கேளுங்கள் என்று மட்டும் தகப்பனாரிடம் சொன்னேன். மறுநாள் மாலையில் பையனே கொண்டுவந்து கொடுத்தான். பாதி வாசித்திருக்கிறேன், சில இடங்களில் அவன் பென்சிலால் கோடிட்டிருக்கிறான்.