குளிர்காலத்து மங்கொளியும் படப்பிடிப்புப் பயிற்சியும்

புறவெளியிற் படம் பிடிக்கும் பழக்கமுடையார் பலர், வானம் தெளிந்து வெயில் எறிக்குங்கால் காமிராவைத் தோளிலிட்டு விரைந்து புறப்படுவர்; மேகங் கவிந்து ஒளி குன்றிய நாளிலோ அதனைப் பெட்டியுள் வைத்து மூடிவிடுவர். குளிர்நாடுகளில் அப்பெட்டி மாதக்கணக்கில் திறவாது கிடத்தலும் உண்டு. நியூயார்க்கில் டிசம்பர்த் திங்களின் பிற்பகுதியில் பகற்பொழுது ஒன்பதேகால் மணி அளவே. ஊக்கம் பிறந்தபின் வெளியே செல்வோம் என்று காத்திருப்பார்க்கு அது பெரும்பாலும் பிறப்பதில்லை. வேனிலில் கருவியை எடுக்குங்கால் கற்ற கையும் பழக்கமற்றுப் போயிருக்கும்.

ஆல்பிரெட் ஸ்டீக்லிட்ஸ் என்பார் 1890-ஆம் ஆண்டில் ஜெர்மனியினின்றும் அந்நகருக்குத் திரும்பினார். நகரம் அவர் உள்ளத்துக்கு உவப்பாயில்லை. 1893-ஆம் ஆண்டு பெப்ரவரி 22-ஆம் நாள் கடும் பனிப்புயல் வீசிற்று. (பனி என்னும் நம் சொல் பஞ்சுபோல் விழும் அவ்வெண்பொருளைக் குறித்து எழுந்ததன்று, வேறு சொல் அகப்படாமையின் அதனையே ஈண்டு ஆள்கின்றேன்.) கைக்காமிரா கலைக்கு உதவாத விளையாட்டுப்பொருள் எனப் பலர் எண்ணிய காலம் அது. அவரோ அத்தகைய கருவியொன்றை ஏந்தி, ஐந்தாம் அவென்யூவின் ஓரத்தில் மூன்று மணி நேரம் நின்றார். குதிரை பூட்டிய வண்டியொன்று பனியைக் கிழித்துக்கொண்டு எதிரே வந்த கணத்தில் அதனைப் படமாக்கினார். தெளிவில்லை என்று பிறர் இகழ்ந்தனர். அவர் அதனை எறிந்துவிடாது, வேண்டாத ஓரங்களை நீக்கி, வேண்டும் பகுதியையே பெரிதாக்கி அச்சிட்டார். அதுவே ‘குளிர்காலம் – ஐந்தாம் அவென்யூ’ எனப் பெயர்பெற்ற படம்.

குளிரைப் பொறுத்தமையால் மட்டும் ஒரு படம் நன்றாகிவிடாது. தமக்கு வேண்டிய காட்சி இன்னதென்று அவர் அறிந்து நின்றார். ஆதலின் மூன்று மணி நேரம் நிற்க இயன்றது. வெறுங்கருத்தோடு வீதியில் இறங்குவோன் பத்து நிமிடத்தில் திரும்பிவிடுவான். இன்று ஈரத்தெருவிற் படியும் விளக்கொளியை மட்டும் தேடுவேன், நாளை விலங்குகளின் வாய்நீராவியை மட்டும் தேடுவேன் என்று ஒன்றனைக் குறித்துக்கொண்டு செல்லுதல் என் கருத்தில் நன்று.

மங்கொளிக்கும் தனித்த குணங்கள் உள. மேகம் மூடிய வானம் பெரியதொரு வெண்திரை போன்றது. ஒளி எப்பக்கத்தினின்றும் பரந்து விழுதலின் முகங்களிற் கடுநிழல் வீழாது. வெறும் வெளிறிய வானத்தைப் படத்துள் மிகுதியாகச் சேர்த்தலே பலர் செய்யும் பிழை. மற்று, காமிராவின் ஒளிமானி எதிரிலுள்ள பொருள் நடுத்தரச் சாம்பல் நிறத்தது எனக் கொண்டே கணக்கிடும். அதனால் வெண்பனி அழுக்குநிறமாய்ப் பதியும். அது காட்டும் அளவின் இருமடங்கோ நான்மடங்கோ ஒளியை உட்செலுத்தின் வெண்மை வெண்மையாகவே தோன்றும். குளிரில் பாட்டரி விரைவிற் சோர்ந்துவிடும். மற்றொன்றை உட்சட்டைப் பையில் வைத்திருத்தல் வேண்டும். வெப்பமான அறையுட் புகுமுன் கருவியைக் காற்றுப்புகாத பையில் இட்டுக் கட்டாவிடில் கண்ணாடியில் நீர் அரும்பும்.

வெர்மாண்ட் மாகாணத்து ஜெரிக்கோ என்னும் சிற்றூரில் வில்சன் பென்ட்லி என்னும் உழவர் இருந்தார். அவர்க்குப் புயல்நாளே அறுவடைநாள். பதினைந்தாம் வயதில் தாயார் தந்த நுண்ணோக்கியின்கீழ்ப் பனித்துகளை வைத்து வரைய முயன்றார். வரைந்து முடியுமுன் அது உருகிற்று. பின்னர்க் காமிராவை நுண்ணோக்கியோடு பொருத்தினார். தணல் இல்லாத கொட்டகையில் நின்று, தம் மூச்சுப்பட்டால் துகள் கரையுமாதலின் மூச்சையடக்கி, இறகினால் அதனைக் கண்ணாடியில் ஒற்றி வைத்தார். பலமுறை தோற்றபின், 1885-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் முதற்படம் தெளிவாகக் கிடைத்தது. 1931-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் அவர் இறக்குமுன் எடுத்தவை 5,000-க்கு மேற்பட்டன. முதற்படம் கிடைத்த அன்று அவர்க்கு இருபது வயது நிரம்ப இன்னும் இருபத்தைந்து நாள்கள் இருந்தன.