தைராய்டு மாத்திரையும் காலைக் காபியும்

கேள்வி: எனக்கு வயது 38. வீடு பட்டாபிராமில். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஏற்றுமதி ஆடை நிறுவனத்தில் சூப்பர்வைசராக இருக்கிறேன். இரண்டு வருடமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். ஆனாலும் மதியத்துக்கு மேல் உடம்பு அடித்துப் போட்டதுபோல் ஆகிவிடுகிறது. முடி கொட்டுகிறது, மாதவிலக்கில் போக்கும் அதிகம். ஐந்து மணிக்கு எழுந்ததும் மாத்திரை, கையோடு காபி. ஆறு மணிக்கு இட்லி சாப்பிட்டுக் கால்சியம் மாத்திரையும் முடி மாத்திரையும் போட்டுக்கொண்டு ஆறரை ரயிலுக்கு ஓடுவேன். வீட்டில் இந்துப்புக்கு மாறிவிட்டோம். பக்கத்து வீட்டு அக்கா, ஹார்மோன் சமநிலைக்கு ஒரு பொடி சொல்கிறார். மாதம் 1,800 ரூபாய். வாங்கலாமா டாக்டர்?

- வாசகி, பட்டாபிராம்

பதில்: வாங்க வேண்டாம், சகோதரி. நம் உடம்பில் ஹார்மோன்கள் பல. ஒவ்வொன்றையும் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு வேறு வேறு. எல்லாவற்றையும் ஒரே பொடி சரிக்கட்டிவிடாது. அதில் அசுவகந்தா இருந்தால் சிலருக்குத் தைராய்டு அளவே ஏறிவிடும். உங்கள் மாத்திரைக் கணக்கும் குழம்பும்.

நீங்கள் விழுங்கும் மாத்திரை முழுதாக ரத்தத்தில் சேர்கிறதா என்பதுதான் என் சந்தேகம். தைராய்டு மாத்திரையான லெவோதைராக்சின் வெறும் வயிற்றில், தண்ணீரோடு போக வேண்டிய மருந்து. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வேறெதுவும் கூடாது. கையோடு குடிக்கும் காபி, குடல் அதை உறிஞ்சும் அளவைக் குறைத்துவிடும். கால்சியம் இன்னும் மோசம். குடலிலேயே மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம் வேண்டும். உங்களுக்கு ஒரு மணிதான் இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே விதிதான்.

ஆறரை ரயிலை வைத்துக்கொண்டு இது முடியுமா? முடியும். எழுந்ததும் மாத்திரை போட்டுவிட்டுச் சமையலைப் பாருங்கள். காபியை ஆறு மணிக்கு, கிளம்பும்போது குடியுங்கள். கால்சியத்தை மதியச் சாப்பாட்டுக்குத் தள்ளுங்கள். காலை ஒத்துவரவில்லை என்றால், இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது தைராய்டு மாத்திரையைப் போடலாம். நெதர்லாந்தில் நடந்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வில் இரவு நேர மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. ஆனால் ஏதாவது ஒரு நேரம்தான். இன்று காலை, நாளை இரவு என்று மாற்றாதீர்கள். மாத்திரை பாட்டிலை அடுப்பு மேடையில் வைக்கும் பழக்கம் பலருக்கும் உண்டு. சூடும் ஆவியும் பட்டால் மருந்தின் வீரியம் போய்விடும், பீரோவில் வையுங்கள்.

முடி மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். அநேகமாகப் பயோட்டின் இருக்கும். அது சில லேப் சோதனைகளில் டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிடுங்கள். நேரத்தை மாற்றி ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து டிஎஸ்ஹெச் பாருங்கள். அதற்கு முன் பார்த்தால் சரியான அளவு தெரியாது.

அசதிக்குத் தைராய்டை மட்டும் குறை சொல்ல முடியாது. போக்கு அதிகமென்றால் இரும்புச்சத்தும் கூடவே போகிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டின், பி12 சோதனைகளையும் கேட்டு எடுங்கள். மகப்பேறு மருத்துவரைப் பார்த்து, கர்ப்பப்பைக் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேனும் செய்துவிடுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பொடிக்கு வைத்திருந்த பணத்தில் முட்டை, சுண்டல், முருங்கைக்கீரை வாங்குங்கள். வெறும் இட்லியோடு ஓடினால் பதினோரு மணிக்கே பசிக்கும். கூட ஒரு முட்டை வையுங்கள். சுண்டலில் எலுமிச்சை பிழிந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். டீயைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். ஐந்து மணிக்கு எழுபவர் பத்து மணிக்காவது படுக்க வேண்டும். தூக்கம் குறைந்தால் எந்த மாத்திரையும் அசதியைத் தீர்க்காது. முட்டைக்கோஸை ஒதுக்க வேண்டியதில்லை. வேகவைத்துத் தாராளமாகச் சாப்பிடலாம்.

இந்துப்பை விட்டுவிட்டு அயோடின் உப்புக்குத் திரும்புங்கள். தைராய்டு ஹார்மோன் உருவாவதே அயோடினிலிருந்துதான். வளரும் பிள்ளைகளுக்கு அது இன்னும் முக்கியம். அதற்காக உப்பை அள்ளிப் போட வேண்டாம், அயோடின் மாத்திரையும் வேண்டாம்.

குழந்தை வேண்டும் என்று நினைத்திருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். நாள் தள்ளிப்போய்க் கர்ப்பம் உறுதியானால் அன்றைக்கே போய்ப் பாருங்கள். பெரும்பாலும் மாத்திரை அளவை உடனே கூட்ட வேண்டியிருக்கும்.