குமுளிக்கும் போடிமெட்டுக்கும் ஏற்ற சைக்கிள்

கேள்வி: தேனியிலிருந்து குமுளி வரை, சில நாள் போடிமெட்டுக்கும் சைக்கிளில் போய்வர ஆசை. பந்தய எண்ணம் இல்லை. ரேஸ், எண்டூரன்ஸ், கிராவல், ஹைப்ரிட் இவற்றில் எதை வாங்கலாம்?
- வாசகர், உத்தமபாளையம்

பதில்: எண்டூரன்ஸ் ரோடு சைக்கிள்தான். ரேஸ் சைக்கிளில் ஹேண்டில்பார் தாழ்ந்திருக்கும். பழகாத உடம்புக்குக் கம்பம் வருவதற்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும். எண்டூரன்ஸில் அது சற்று உயரம், 32 மி.மீ. டயரும் போடலாம். திராட்சைத் தோட்டத்து மண்பாதைகளில் அடிக்கடி ஓட்டுவீர்கள் என்றால் மட்டும் கிராவல். ஹைப்ரிட் ஊருக்குள் சுகம். ஆனால் ஆடி மாதம் குமுளி நோக்கிப் போகும்போது கணவாய்க் காற்று நேரே முகத்தில் அடிக்கும். அப்போது குனிந்து பிடிக்க வளைந்த ஹேண்டில்பார் வேண்டும்.

பெயரைவிட கியரைப் பாருங்கள். லோயர் கேம்ப் வரை பெரிய ஏற்றமில்லை, அதற்குப்பின் மலை. போடிமெட்டுப் பாதையிலோ 17 கொண்டை ஊசி வளைவுகள், ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற்றம். முன்னால் சிறிய பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் பெரியதிலும் 34 பல் இருந்தால், பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரே சுற்று. முழங்கால் தாங்கும். இறக்கத்துக்கு டிஸ்க் பிரேக் அவசியம். பிரேக்கை விடாமல் அழுத்தாமல், விட்டுவிட்டுப் பிடியுங்கள்.

உங்கள் உயரத்துக்குப் பொருந்தாத சட்டத்தைத் தள்ளுபடிக்காக வாங்கிவிடாதீர்கள்.