தீ பற்றும் முன்னர் செய்யும் ஸதகா

 

ஒரு நாள் எலி ஒன்று விளக்குத் திரியை இழுத்துக்கொண்டு வந்து, நபி (ஸல்) அவர்கள் அமர்ந்திருந்த பாயில் போட்டுவிட்டது. பாயில் ஒரு திர்ஹம் அளவுக்குக் கருகிவிட்டது. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதில் இருக்கிறது. அதன்பின் நபியவர்கள் சொன்னது, தூங்கப் போகும்போது விளக்கை அணைத்துவிடுங்கள் என்பதுதான். மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு ஆட்களோடு எரிந்தபோதும், நெருப்பு உங்களுக்குப் பகை, உறங்குமுன் அணைத்துவிடுங்கள் என்றே எச்சரித்தார்கள். புகாரியில் அபூமூஸா (ரலி) அவர்கள் இதை அறிவிக்கிறார்கள்.

கவனியுங்கள். கருகியது காசளவு இடம்தான். ஆனால் அந்தச் சிறு கருகலில் வீடே எரியக்கூடிய வழியை நபியவர்கள் பார்த்தார்கள். எரியத் தொடங்கிய பின் என்ன செய்வது என்பதைவிட, முந்தைய இரவே என்ன செய்ய வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார்கள். நம் வீட்டில் கேஸ் அடுப்பை மூடிவிட்டுப் படுப்பது இந்த ஒழுக்கம்தான். இன்று நான் பேச வந்தது வீட்டுக்கு வெளியே, ஊருக்கு மேலே நிற்கும் மலையைப் பற்றி.

தேனி மாவட்டத்துக்காரர்கள் 2018 மார்ச் 11ஐ மறந்திருக்க முடியாது. போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி மலையில் மலையேற்றம் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கிக்கொண்டார்கள். 23 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலும் இளம் வயதினர். மலையை அறிந்த உள்ளூர் மக்கள்தாம் முதலில் ஓடினார்கள். காயம்பட்டவர்களைப் போர்வையில் தூளி கட்டிச் சுமந்து வந்தார்கள். அவர்கள் எந்த மதத்தார், எந்தச் சாதி என்று அன்று யாரும் கேட்கவில்லை.

அந்தத் தீ ஏன் அவ்வளவு வேகமாக வந்தது? சரிவில் ஆளுயரத்துக்குக் காய்ந்த புல். வெப்பம் மேல்நோக்கித்தானே எழும்? அது மேலே நிற்கும் புல்லை முன்கூட்டியே உலர்த்தி, பற்றுவதற்குத் தயாராக்கிவிடும். சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்புத் துறையில் பழகியவர்களின் கணக்கு. மலையில் தீக்கு மேல்புறமாக ஓடக்கூடாது என்று சொல்வது இதனால்தான். நம்மால் அந்த வேகத்துக்கு ஏற முடியாது.

தமிழ்நாட்டில் பிப்ரவரி முதல் ஜூன் வரை தீக்காலம். காட்டில் தானாகத் தீ பிடிக்கும் என்று பலர் நம்புகிறார்கள். மூங்கில் உரசுவதாகக் கதையும் சொல்வார்கள். நம் காடுகளில் பற்றும் தீயில் மிகப் பெரும்பாலானது மனிதக் கையால் வருவது. மழைக்குப் பின் இளம்புல் முளைக்கட்டும் என்று வைப்பது, தேனெடுக்கப் பந்தம் பிடிப்பது, தோட்டத்துக் குப்பைக்கு வைத்த நெருப்பு காற்றில் தாண்டிவிடுவது, ஜீப்பிலிருந்து வீசிய பீடித்துண்டு. பெருநாளுக்கு மறுநாள் குடும்பத்தோடு மலைக்குப் போய், சாலையோரம் மூன்று கல் கூட்டிச் சோறாக்கி, கங்கை அப்படியே விட்டு வருகிறோமே, அதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். சேர்க்கச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

என் தோட்டம், என் குப்பை, என் நெருப்பு என்று நினைப்பவருக்கு, கப்பலின் அடித்தட்டில் இருந்துகொண்டு தன் பங்கில்தானே ஓட்டை போடுகிறேன் என்று நினைத்தவர்களை நபி (ஸல்) அவர்கள் உவமை காட்டினார்கள். மேல்தட்டில் இருப்பவர்கள் அவர்கள் கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லோரும் பிழைப்பார்கள்; விட்டால் எல்லோரும் மூழ்குவார்கள். போடிக்கு வரும் கொட்டகுடி ஆறு குரங்கணிப் பக்கத்து மலைகளிலிருந்துதான் இறங்குகிறது. புல் எரிந்த சரிவில் விழும் முதல் மழை மேல்மண்ணையும் சாம்பலையும் கழுவி ஆற்றில் சேர்த்துவிடும்.

சரி, நாம் என்ன செய்வது? வனத்துறையினர் ஆண்டுதோறும் தீக்காலத்துக்கு முன் தீத்தடுப்புக் கோடு எடுப்பார்கள். சில மீட்டர் அகலத்துக்குப் புல்லையும் சருகையும் அகற்றி, மண் தெரியும்படி நீளமாகப் பட்டை போடுவது. தீ அங்கே வந்தால் தின்ன ஒன்றுமில்லாமல் நிற்கும். பெருங்காற்றில் பொறி தாண்டவும் தாண்டும். ஆனாலும் அணைப்பவர்களுக்கு நின்று வேலை செய்ய ஓர் இடம் கிடைக்கும். மலை நீளமானது, காவலர்களோ கொஞ்சம் பேர். ஊரார் போய் உதவக்கூடிய வேலை இது: சாலையோரச் சருகை அரிப்பது, உண்ணிச்செடிப் புதரை வெட்டுவது, புகை கண்டால் உடனே வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்வது. இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் வழியே கண்டறியும் தீயைப் பற்றிய எச்சரிக்கையைப் பதிவு செய்தவர்களின் கைபேசிக்கே அனுப்புகிறது. நம் பிள்ளைகளுக்கு இதைப் பதிவு செய்ய ஐந்து நிமிடம் போதும். ஒன்று மட்டும் கண்டிப்பு. பயிற்சி இல்லாமல் எரியும் தீயை அணைக்கப் போகாதீர்கள். வனத்துறைக்குத் தெரியாமல் நாமே கோடு எடுக்கிறோம் என்று காட்டுக்குள் நுழையவும் கூடாது.

மாடு மேய்ப்பவரிடம் பேசுவதும் தொண்டுதான், ஆனால் அதட்டிப் பேசினால் அது நடக்காது. அவருக்கு அது வயிற்றுப்பாடு. உட்கார்ந்து ஒரு டீ குடித்துப் பேசுங்கள். ஸஹாபாக்கள் எறும்புப் புற்று ஒன்றை எரித்ததைக் கண்ட நபியவர்கள், நெருப்பால் தண்டிப்பது நெருப்பின் அதிபதிக்கு மட்டுமே உரியது என்று கண்டித்த செய்தியைச் சொல்லுங்கள். ஒரு சரிவு எரியும்போது எத்தனை புற்று, எத்தனை கூடு!

ஒரு தம்பி என்னிடம் கேட்டார்: “ஹஜ்ரத், புல் வெட்டுவதற்கும் நன்மை உண்டா?” பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதே ஈமானின் ஒரு கிளை என்று படித்திருக்கிறோம். காய்ந்த புல்லும் பாதையில் கிடக்கும் முள்தான், கொஞ்சம் பெரிய முள். ஆனால் அவர் கேட்டதற்குள் வேறொன்றும் இருந்தது. தீயை அணைத்தவரை ஊர் கொண்டாடும், படம் போடும். வராத தீக்காக யாரும் யாருக்கும் சால்வை போர்த்தியதில்லை. நாம் வெட்டியதால்தான் வரவில்லையா என்பது நமக்கே தெரியாது. அல்லாஹ்வுக்கு மட்டுமே தெரியும். இக்லாஸைத் தேடுபவருக்கு இதைவிட வசதியான வேலை எது?

ஜமாஅத் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். வனச்சரகரிடம் அனுமதி பெற்றுத் தேதி சொல்வார். ஃபஜ்ர் முடிந்ததும் கிளம்பினால் லுஹருக்குத் திரும்பிவிடலாம், இன்ஷா அல்லாஹ். அரிவாள், தண்ணீர், கனமான காலணி எடுத்துக்கொள்ளுங்கள். பருத்திச் சட்டை போட்டு வாருங்கள்; பாலியஸ்டர் சூட்டில் உருகித் தோலில் ஒட்டும். பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் அன்று தீப்பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு வரவும்.