சுருதி சேர்ந்த வீடு

கேள்வி: மேற்கத்திய இசையில் 'ஹார்மனி' இருக்கிறது. நம் இசையில் அது இல்லையா?

பதில்: பல சுரங்களை ஒரே நேரத்தில் அடுக்கி ஒலிக்கும் முறை கர்நாடக இசையின் வழி அல்ல, இங்கே ஒற்றை மெட்டுதான் நகர்கிறது. ஆனால் அதன் அடியில் ஓடும் தம்புராவைக் கேளுங்கள். பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என நான்கு தந்திகள். 'ச' என்னும் ஷட்ஜம சுரமும் அதற்கு மேலுள்ள 'ப' என்னும் பஞ்சம சுரமும் 2:3 என்ற அதிர்வு விகிதத்தில் நிற்பதால்தான் அந்த இதம். இரண்டும் ஒரே சுரமல்ல. தத்தம் இடத்தில் சரியாக நிற்பவை.

வீட்டிலும் இசைவு என்பது எல்லோரும் ஒன்றையே சொல்வதல்ல. கச்சேரி நடுவிலும் தந்தி தளரும். கலைஞர் காது கொடுத்துக் கேட்டு, மெல்ல முறுக்கிச் சுருதி சேர்ப்பார். உறவுக்கும் அந்தக் காதுதான் வேண்டும்.