பிழையிடம் காணுங் கருவி

தர்க்க நூலார் ஒரு முடிவை நாட்டுதற்கு வேண்டும் உறுப்புக்களைக் கூறியதோடு அமையாது, அம்முடிவு வழுவும் இடங்களையும் எண்ணி வகுத்தனர். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவணவடிகள் பக்கம், ஏது, திட்டாந்தம் என்பவற்றை விளக்கியபின், அவற்றின் போலிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துரைப்பதைத் தமிழ் மாணவர் அறிவர். சரியாக நினைத்தற்கு எத்துணைப் பயிற்சி வேண்டுமோ, பிழையை இடமறிந்து காண்டற்கும் அத்துணைப் பயிற்சி வேண்டும். இவ்வுண்மை இக்காலத்துக் கணினிக் கலையிலும் பொருந்துமாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

1972இல் பிரான்சு தேசத்து மார்செய் நகரில் அலென் கோல்மெரோவரும் பிலிப் ரூசெலும் புரோலாக் என்னும் நிரல் மொழியை அமைத்தனர். எடின்பரோவிலிருந்த ராபர்ட் கோவால்ஸ்கியின் தர்க்க ஆராய்ச்சியும் அதற்குப் பெருந்துணையாயிற்று. ஏனைய மொழிகள் பலவற்றில், 'இதைச் செய், பின்னர் அதைச் செய்' என்று கணினிக்குக் கட்டளையிடுவோம். புரோலாக்கிலோ மெய்ம்மைகளையும் விதிகளையும் எழுதிவைத்து வினாவை விடுப்போம். விடைக்குரிய வழியைக் கணினி தானே தேடும்.

ஓர் உதாரணம் காண்போம். சங்கராபுரத்திற்கு மேற்கே கல்வராயன் மலை உள்ளது. அம்மலை நீர் மணிமுக்தா நதியிற் சேரும். மணிமுக்தா வெள்ளாற்றிற் சேரும். வெள்ளாறு பரங்கிப்பேட்டையருகே கடலிற் சேரும். இவை மூன்றும் மெய்ம்மைகள். இனி விதிகள் இரண்டு: ஒன்று மற்றொன்றிற் சேருமாயின் அதனை அடையும், ஒன்று இடையிலுள்ள வேறொன்றிற் சேர, அவ்விடையிலுள்ளது மூன்றாவதை அடையுமாயின், முதலாவதும் மூன்றாவதை அடையும். 'மலை நீர் கடலை அடையுமோ?' என்று வினவினால், 'ஆம்' என்று விடை வரும்.

மாணவனொருவன் கைதவறி, 'வெள்ளாறு மணிமுக்தாவிற் சேரும்' என்று மாற்றி எழுதிவிட்டான் என்க. இப்பொழுது விடை 'இல்லை' என்பதே. கணினி பழுதுபடவில்லை, விதிகளும் பிழையற்றவை. ஆயினும் விடை பொய். புரோலாக் கூறும் 'இல்லை' என்பதற்கு, 'எனக்குத் தந்த குறிப்புக்களைக் கொண்டு நிறுவ இயலவில்லை' என்பதே பொருள். குறிப்பிலுள்ள குறையை உலகத்தின் குறையாக எண்ணி மயங்குதல் எளிது.

இம்மயக்கம் தீர்ப்பதே டிபக்கர் எனப்படும் பிழைகாணுங் கருவியின் தொழில். எடின்பரோவிலிருந்த லாரன்ஸ் பர்டு என்பார் 1980இல் இதற்கு ஒரு நல்ல வகை கண்டார். ஒவ்வொரு வினாவையும் நான்கு வாயில்களையுடைய பெட்டியாகக் கொள்ளுக. வினா உட்புகுவது அழைப்பு வாயில். விடையுடன் புறப்படுவது வெற்றி வாயில். வேறு விடை வேண்டி மீண்டும் புகுவது மறுமுயற்சி வாயில். விடையின்றித் திரும்புவது தோல்வி வாயில். நம் உதாரணத்தில், மலை நீர் மணிமுக்தாவிற் சேர்வது வெற்றி வாயிலாற் புறப்படும். 'மணிமுக்தா எதிலேனும் சேருமோ?' என்னும் வினாவோ தோல்வி வாயிலாற் புறப்படும். பிழையின் இடம் அதுவே என்பது தெற்றென விளங்கும்.

நிரல் நீண்டதாயின் வாயில்தோறும் காவல் நிற்பது அரிது. யேல் சர்வகலாசாலையில் எகூத் ஷாபிரோ 1982இல் அளித்த ஆராய்ச்சி நூல் வேறொரு வழி காட்டிற்று. கருவியே நிரல் எழுதியவனை நோக்கி, 'இவ்விடை சரியோ?' என்று வினவும். அவன் கூறும் ஆம், அன்று என்னும் விடைகளைக் கொண்டு படிப்படியாக இறங்கிப் பிழையுள்ள மெய்ம்மையையோ விதியையோ சுட்டும். நல்லாசிரியர் மாணவனை வினவி வினவி அவன் பிழையை அவனே காணச் செய்வதை இது ஒக்கும்.

இனி, கருவியைச் செய்து வைத்தலோடு கடமை முடியுமோ? முடியாது. மொழி விரைவு பெறுந்தோறும் கருவிக்கு இடர் பெருகும். ஒரு வினாவின் இறுதிக் கிளைவினாவை அழைக்கும்போதே முன்னைய வினாவின் குறிப்பை அழித்து நினைவிடத்தை மீட்கும் முறை ஒன்று உண்டு. அதனால் இடம் மிச்சமாகும். ஆனால் எவ்வினா எதனிற் பிறந்தது என்னும் வரலாறு மறையும். ஆதலின் ஆம்ஸ்டர்டாமில் யான் வீலமேக்கர் 1987இல் தொடங்கிய எஸ்.டபிள்யூ.ஐ. புரோலாக், பிழை தேடும்போது அச்சிக்கனத்தைக் கைவிடுகின்றது. 1995இல் வகுத்த சர்வதேசத் தரத்தில், வெற்றியுமின்றித் தோல்வியுமின்றி இடையே முறிந்து வெளியேறுதலும் இடம்பெற்றது. அதற்கு ஐந்தாவது வாயில் வேண்டியதாயிற்று. முன்னர்க் கண்ட விடைகளை அட்டவணையிற் சேமிக்கும் முறை வந்தபோது வாயில்களின் வரிசை சிக்கலாயிற்று. 2000இல் அபிக் ராய் சௌத்ரி, சி. ஆர். ராமகிருஷ்ணன், ஐ. வி. ராமகிருஷ்ணன் ஆகியோர் அவ்வட்டவணைகளைக் கொண்டே விடைக்குரிய காரணத்தை எடுத்துக்காட்டும் முறையை வெளியிட்டனர். இவ்வாறு திருத்தப்படாத கருவி, கண்ட வழியை விடுத்துக் காணாத வழியைக் காட்டும். பிழை காட்டுவதே பிழைபடின் யாரிடம் முறையிடுவது?

இஃது அறிஞர்க்கு மட்டும் உரிய கவலையன்று. மலைக்கிராமத்து மாணவி ஒருத்தி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கின்றாள் என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் ஒரு வரி விடுபட்டமையால் கணினி 'இல்லை' என்கின்றது. காரணம் காட்ட வல்ல கருவி இருப்பின், விடுபட்ட வரி ஒரு நாழிகையில் அகப்படும். இல்லையேல் அவள் ஓராண்டுப் படிப்பை இழத்தல் கூடும்; குற்றம் எங்குளது என்பதை ஒருவரும் அறியார்.

ஆகவே, கணினி பயிலும் மாணவரே! புதிய நிரலை இயற்றுவதே பெருமை என்று எண்ணற்க. பிறர் செய்த கருவியைப் பழுது பார்த்து, மொழி மாறுந்தோறும் அதனையும் மாற்றி, அது மெய்யே கூறுமாறு காத்தலும் கல்வியின் பயனேயாம். 'இல்லை' என்னும் விடை வருமிடத்து, 'ஏன் இல்லை?' என்று வினவும் வழக்கத்தை இக்கலாசாலையிலேயே கைக்கொள்வீராக.